முதுமையில் உடலின் முதற் காவல்

எழுபத்தைந்து வயதான முதியவர் ஒருவர் இரண்டு நாட்களாகச் சரியாக உண்ணவில்லை என்று கொள்வோம். எழுந்து நடக்கையில் தடுமாறுகிறார். பகலிலும் அயர்ந்து உறங்குகிறார். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை கூறுகிறார். வீட்டார் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றனர், சூடு இல்லை. வெப்பமானியும் 98.8 டிகிரி பாரன்ஹீட் என்றே காட்டுகிறது. வயதாகிவிட்டதன் தளர்ச்சி என்று எண்ணி வாளா இருந்துவிடுகின்றனர். மூன்றாம் நாள் மூச்சுத் திணறலுடன் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும்போதுதான், நியூமோனியா இரு நுரையீரல்களிலும் பரவியிருப்பது தெரிய வருகிறது. இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் நேரக்கூடியதே. கடுமையான தொற்றுக்கு ஆளான முதியோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் காய்ச்சல் காண்பதே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே காண்கிறது என மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

காய்ச்சல் ஏன் வரவில்லை என்னும் வினாவை ஆராயப் புகுந்தால், உடலின் முதற் காவலாகிய பிறவிக் காப்பைப் பற்றியும், வயது ஏற ஏற அது அடையும் மாறுதல்களைப் பற்றியும் அறிந்துகொள்ள நேரிடுகிறது. 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி அறுபது வயது நிறைந்தோர் நம் நாட்டில் சுமார் 10.4 கோடிப் பேர். அதன்பின் அவர்கள் தொகை மேலும் பெருகியுள்ளது. வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்களும், வகுப்பில் உடலியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் இப்பொருளை ஓரளவு விரிவாகவே அறிந்திருத்தல் நன்று.

இரு வகைக் காப்பு

நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் ஆற்றலை விஞ்ஞானிகள் இரு வகையாகப் பிரிக்கின்றனர். பிறக்கும்போதே உடன் வருவது பிறவிக் காப்பு. ஒரு கிருமியை ஒரு முறை எதிர்கொண்ட பிறகோ, தடுப்பூசி இட்ட பிறகோ, அக்கிருமிக்கென்றே தனியாக உண்டாவது ஈட்டிய காப்பு. பின்னது நுண்மையானது, பெரியம்மையைக் கண்டறிந்த அணு தட்டம்மையைப் பொருட்படுத்தாது. ஆனால் முதன்முறையாக வரும் கிருமியை எதிர்த்து அது முழு வலிமை பெறுவதற்குப் பல நாட்கள் ஆகும். முன்னதோ சில நிமிடங்களிலும் சில மணி நேரத்திலும் செயற்படத் தொடங்குகிறது. ஈட்டிய காப்பைத் தட்டியெழுப்பி, எதிரி இன்னதென அறிவிப்பதும் பிறவிக் காப்பின் அணுக்களே.

இக்காவலின் வெளிச்சுவர் தோலாகும். மூச்சுக் குழாயின் உட்புறத்தில் சளிப் படலமும், அச்சளியை ஓயாது மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் உள்ளன. இரைப்பையில் அமிலம் உள்ளது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் லைசோசைம் என்னும் பொருள் கலந்துள்ளது. பாக்டீரியாக்களின் சுவரைக் கரைக்கவல்ல இதனை 1921-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் மூக்குச் சளியிலே கண்டறிந்தார். பெனிசிலினால் புகழடைவதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கண்டுபிடிப்பு இது. முட்டையின் வெண்கருவிலும் இப்பொருள் நிறைந்திருப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக் கூறலாம். ஓட்டுக்குள் இருக்கும் கரு கெடாதிருப்பதற்கு அது துணை செய்கிறது.

சுவரைத் தாண்டி வந்த கிருமியை இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயினின்று வெளிப்பட்டு, அவ்விடம் நோக்கி ஊர்ந்து சென்று கிருமியை விழுங்குகின்றன. எலும்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை ஆக்கித் தருகிறது. திசுக்களிலேயே தங்கி வாழும் மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்கள், விழுங்குவதோடு அபாய அறிவிப்பும் செய்கின்றன. வைரசு புகுந்த அணுக்களையும் புற்றாக மாறிய அணுக்களையும் இயற்கைக் கொல்லணுக்கள் தேடி அழிக்கின்றன.

மெஸ்ஸினாவில் ஒரு முள்

விழுங்கும் அணுக்களின் சிறப்பை உலகுக்கு உணர்த்தியவர் இல்யா மெச்னிகாப் என்னும் ருஷிய விஞ்ஞானி. 1882-இல் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த அவர், கண்ணாடி போன்று ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளம் உயிரி ஒன்றில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறு நாட் காலையில் உருப்பெருக்கியில் நோக்கியபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். இந்த ஆராய்ச்சி வழியே 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும், எதிர்ப்பொருள்களை ஆராய்ந்த பால் எர்லிக்குக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய பிற்காலத்தில் மெச்னிகாப் முதுமையைப் பற்றி மிகவும் சிந்தித்தார். குடலின் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சினால் உடல் மூப்படைகிறதென்றும், விழுங்கணுக்களே முதுமையில் உடலின் மேலான திசுக்களைத் தின்னத் தொடங்குகின்றன என்றும் கருதினார். புளித்த பாலை உண்ணுமாறு அறிவுரை கூறினார். அவர் கூறிய விவரங்கள் பலவும் நிலைபெறவில்லை. எனினும் காவல் செய்யும் அணுக்களே மூப்பில் தீங்கும் செய்யக்கூடும் என்ற அவரது எண்ணம், வேறு வடிவில் இன்று மீண்டும் முன்னணிக்கு வந்துள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முன்பின் அறியாத கிருமியை இவ்வணுக்கள் எங்ஙனம் அடையாளம் காண்கின்றன என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1996-இல் பிரான்ஸ் நாட்டில் ஜூல்ஸ் ஹாப்மன் குழுவினர், டால் என்னும் ஜீனை இழந்த பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் மடிவதைக் காட்டினர். 1998-இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், சுண்டெலியில் அதனையொத்த உணர்வி ஒன்று பாக்டீரியச் சுவரின் நச்சுப் பொருளை உணர்ந்துகொள்வதைக் கண்டனர். கிருமிகளுக்குப் பொதுவாயும் நம் உடலில் இல்லாதனவாயும் உள்ள சில மூலக்கூறுகளே இக்காவலருக்கு அடையாளம். இவ்விருவரும் 2011-இல் நோபெல் பரிசில் பாதியைப் பெற்றனர். மறுபாதி ரால்ப் ஸ்டைன்மனுக்கு உரியதாயிற்று.

வயது ஏறுகையில் நிகழ்வன

ஈட்டிய காப்பிற்கு உரிய டி அணுக்கள் பயிற்சி பெறும் இடம், நெஞ்செலும்பின் பின்னே அமைந்த தைமஸ் சுரப்பி. இச்சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, அறுபது வயதிற்குள் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. பழைய கிருமிகளின் நினைவு எஞ்சியிருக்கும். புதிய கிருமியை அறிந்து எதிர்க்கும் டி அணுக்கள் அருகிவிடும். எனவே முதுமையில் பிறவிக் காப்பின் மீது கூடுதலான பொறுப்பு விழுகிறது. அப்பொறுப்பை ஏற்கும் காவலரும் அதே உடலில் மூத்தவர்களாகவே இருக்கின்றனர் என்பதுதான் இடர்ப்பாடு.

முதலில் சுவர்கள் தளர்கின்றன. தோல் மெலிந்து உலர்கிறது; கீறல் ஆற நாள் பிடிக்கிறது. மூச்சுக் குழாயின் நுண்மயிர்கள் மெதுவாக அசைகின்றன. இருமும் உணர்ச்சி மழுங்குகிறது. பலவகை மருந்துகளை உட்கொள்வோர்க்கு உமிழ்நீர் வற்றுகிறது.

அணுக்களின் நிலை சற்று வியப்பானது. நியூட்ரோபில்களின் எண்ணிக்கை முதியோரிடத்திலும் ஏறக்குறைய இளைஞரிடம் உள்ள அளவே இருக்கிறது. ஆதலால் சாதாரண இரத்தப் பரிசோதனை எக்குறையையும் காட்டாது. இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தார் அவற்றின் ஓட்டத்தை உருப்பெருக்கியில் தொடர்ந்து நோக்கி, 2014-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். முதியோரின் நியூட்ரோபில்கள் வேகத்தில் குறைவதில்லை, திசை தவறுகின்றன. அழைப்பு வந்த இடத்திற்கு நேரே செல்லாமல் சுற்றி அலைகின்றன. அலையும் வழியெல்லாம் எலாஸ்டேஸ் போன்ற செரிக்கும் நொதிகளைச் சிந்தி, நலமான திசுக்களைப் புண்படுத்துகின்றன. அணுவின் உள்ளே இருக்கும் ஒரு நொதியைத் தடுத்தபோது, சோதனைக் குழாயில் அவை மீண்டும் நேர்வழியில் சென்றன என்பதும் அவர்கள் கண்டதே. குறை திருத்தக்கூடியது என்று தெரிந்தது பெரிய செய்திதான். ஆயினும் இதனை மருந்தாக்குவது வேறு பணி.

இயற்கைக் கொல்லணுக்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. ஒவ்வொன்றின் வலிமை குறைகிறது. காம்ப்ளிமென்ட் புரதங்கள் பெரும்பாலும் குறைவதில்லை. பெருவிழுங்கணுக்களின் உணர்விகள் மந்தமடைகின்றன. தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடையும் இங்கேதான் உள்ளது. கிருமியை உணர்ந்த பெருவிழுங்கணுக்கள் இண்டர்லூக்கின்-1, இண்டர்லூக்கின்-6 முதலிய தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூளையின் வெப்ப நிலையத்தை எட்டி, உடலின் சூட்டை உயர்த்துமாறு செய்கின்றன. முதுமையில் தூதும் தாமதமாகிறது. மூளையின் உணர்வும் குறைகிறது. தசை மெலிந்திருப்பதால் வெப்பத்தை உண்டாக்கும் திறனும் குன்றுகிறது. போதாதற்கு, முதியோரின் இயல்பான உடற்சூடே இளைஞரினும் சற்றுத் தாழ்ந்தது. ஆதலின் தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாமற் போகலாம்.

அணையாத தணல்

உணர்வு மழுங்குவது மட்டுமாயின் விஷயம் எளிதாக இருந்திருக்கும். கிருமி வரும்போது மெதுவாக எழும் இதே காவல், கிருமி இல்லாதபோது முழுவதும் அடங்குவதும் இல்லை. முதியோர் பலருடைய இரத்தத்தில், நோய் எதுவும் வெளிப்படையாகத் தோன்றாதபோதும், இண்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் சிறிதளவு மிகுந்தே காணப்படுகின்றன. இதனை 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிளாடியோ பிரான்செஸ்கி எடுத்துக்காட்டி, அழற்சி, மூப்பு என்னும் இரு சொற்களையும் ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல் படைத்தார். தமிழில் அங்ஙனம் ஒட்டினால் செவிக்கு இனிமையாக அமையவில்லை; ஆகவே இக்கட்டுரையில் மூப்பழற்சி என்றே வழங்குவோம். அழிய வேண்டிய காலத்தில் அழியாது தங்கிவிட்ட முதிர்ந்த அணுக்கள், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, குடற் சுவரின் தளர்ச்சி, ஈறுகளில் நீடித்து நிற்கும் புண் ஆகியவை இத்தணலுக்கு விறகாகின்றன. இதயக் குழாய் அடைப்பு, நீரிழிவு, தசை மெலிவு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு.

அழற்சியை மருந்தால் அடக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். முன்னரே மாரடைப்புக் கண்டவரும், இரத்தத்தில் அழற்சிக் குறி மிகுந்தவருமான 10,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2017-இல் வெளிவந்தது. இண்டர்லூக்கின்-1 வகையில் ஒன்றைத் தடுக்கும் ஊசி மருந்தை நடு அளவில் பெற்றவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றினால் மாண்டவர் தொகை, மருந்து பெறாதவரினும் மிகுந்தது; மொத்தத்தில் சாவு குறையவில்லை. பிறவிக் காப்பைப் பெருக்குவதும் அடக்குவதும் இரண்டுமே இடர் உடையன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் டானிக்குகளைப் பற்றி ஊழியர்களிடம் மக்கள் அடிக்கடி கேட்பதுண்டு. பாத்திரத்தில் ஊற்றி நிரப்பும் எண்ணெய் போன்ற ஒரே பொருளாக அச்சக்தியை நினைப்பதே அக்கேள்விக்கு அடிப்படை. அப்படி ஒரே பொருள் உடலில் இல்லை.

நலமுடன் மூப்பவர்

நூறு வயதைக் கடந்தும் தெளிவுடன் வாழ்வோரிடம் இக்காவல் எவ்வாறு உள்ளது? இத்தாலியிலும் ஜப்பானிலும் இதுபற்றி மிகுதியாக ஆராய்ந்துள்ளனர். நலமான நூறு வயதினரிடம் இயற்கைக் கொல்லணுக்களின் ஆற்றல் நன்கு நிலைத்திருக்கக் காண்கிறோம். 2015-இல் ஜப்பானின் கியோ பல்கலைக் கழகத்தார், நூறு வயதினர், அவர்தம் மக்கள் முதலாக 1,500-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு சிறப்பானது. எவர் மேலும் வாழ்வார், எவர் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்வார் என்பதை முன்கூட்டி அறிய, அழற்சியின் அளவே பயன்பட்டது. பலரும் எதிர்பார்த்த குரோமோசோம் முனைகளின் நீளம் அவ்வாறு பயன்படவில்லை. நூறு வயதினரிடமும் அழற்சிப் பொருள்கள் இல்லாமல் இல்லை. அவற்றை அடக்கும் எதிர்ப் பொருள்களும் அவர்களிடம் உடன் மிகுந்திருப்பதாகப் பிரான்செஸ்கி கருதுகிறார். வேண்டும்போது எழுந்து, வேலை முடிந்ததும் அடங்கும் காவலே நலமான மூப்பிற்குத் துணையாவது என்று இவற்றால் அறிகிறோம்.

மூத்த காவலையும் சரியான தூண்டுதலால் எழுப்ப முடியும் என்பதற்கு அக்கி நோய்த் தடுப்பூசி நல்ல உதாரணம். உயிருள்ள, வலி குன்றிய வைரசினால் ஆன பழைய ஊசி, 70 வயதுக்கு மேற்பட்டோரில் 38 சதவீத அளவே நோயைத் தடுத்தது. பின்னர் வந்த ஊசியில் வைரசின் ஒரு புரதத்தோடு இரு துணைப் பொருள்கள் சேர்க்கப்பட்டன. ஒன்று பாக்டீரியச் சுவரினின்று எடுத்து நஞ்சு நீக்கியது. பாய்ட்லர் கண்டறிந்த அதே உணர்வியைத் தூண்டுவது. மற்றொன்று சிலி நாட்டு மரமொன்றின் பட்டையினின்று பெறுவது. 2016-இல் வெளியான சோதனை முடிவின்படி, 70 வயது கடந்தோரிடமும் இவ்வூசி ஏறத்தாழ 90 சதவீதம் பாதுகாப்பளித்தது. இவ்வூசி நம் நாட்டில் 2023-இல் விற்பனைக்கு வந்தது; விலைதான் எளியோர்க்கு எட்டாதது.

பி.சி.ஜி. பற்றியும் ஒரு சொல். பிறவிக் காப்பின் அணுக்களும் ஒருவகைப் பயிற்சி பெறக்கூடும் என்ற கருத்தை நெதர்லாந்தின் மிஹாய் நெட்டியா முதலியோர் 2011 முதல் விளக்கி வருகின்றனர். கிரேக்க நாட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதியோர்க்குப் பி.சி.ஜி. இட்டபோது, பின்னர்த் தொற்றுக் கண்டவர் 25 சதவீதம்; போலி ஊசி பெற்றோரில் 42 சதவீதம். இது 2020-இல் வெளிவந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், 60 முதல் 80 வயது வரையிலானவர்க்குப் பி.சி.ஜி. இட்ட ஒரு மாதத்திற்குப் பின் இரத்தத்தின் அழற்சிப் பொருள்கள் குறைந்திருக்கக் கண்டு 2021-இல் வெளியிட்டனர். ஆனால் நெதர்லாந்தில் 2,000-க்கு மேற்பட்ட முதியோரிடம் நடந்த சோதனையில், சுவாசத் தொற்றுகள் குறையவே இல்லை. கருத்து கவர்ச்சியானது, முடிவுகள் முரண்படுகின்றன. ஆகவே பொதுவான எதிர்ப்பாற்றலுக்கென முதியோர்க்கு இதனை இட்டுக்கொள்ளுமாறு ஊழியர் எவரும் தாமாக அறிவுரை கூறலாகாது.

நடத்தல் மிக எளிய வழி. நாள்தோறும் மிகுதியாக நடமாடும் முதியோரின் நியூட்ரோபில்கள், அசையாதிருப்போருடையவற்றைவிட நன்கு இடம்பெயர்கின்றன எனப் பர்மிங்ஹாமிலேயே 2016-இல் கண்டுள்ளனர்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்காக அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2008-இல் வகுத்த அளவுகள் நமக்கும் வழிகாட்டியாகும். வாயில் வைத்து எடுத்த சூடு ஒரு முறை 100 டிகிரியைத் தாண்டினாலும், பல முறை 99 டிகிரியைத் தாண்டினாலும், அம்முதியவரின் வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி உயர்ந்தாலும், அதனைக் காய்ச்சலாகவே கொள்ள வேண்டும். மூன்றாவது அளவைப் பயன்படுத்த வேண்டுமாயின் வழக்கமான சூடு எவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஆதலால் முதியவர் நலமாயிருக்கும் நாளில், காலையும் மாலையுமாகச் சில முறை அளந்து, வீட்டிலுள்ள நோயாளர் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்வது ஊழியரின் பயனுள்ள பணி. 96.8 டிகிரி வழக்கமாக உள்ளவர்க்கு 98.8 டிகிரியே காய்ச்சல். தொடக்கத்தில் கூறிய முதியவரின் நிலையும் இதுவாக இருந்திருக்கலாம்.

திடீர்க் குழப்பம், புதிதாக விழுதல், உணவில் வெறுப்பு, அடக்க முடியாமல் சிறுநீர் கழிதல் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஓரிரு நாட்களுக்குள் புதிதாகத் தோன்றினால், சூடு இல்லாவிடினும் தொற்று உண்டோ என ஐயுற்று, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். பாதங்களையும், படுத்த படுக்கையாயிருப்போரின் முதுகையும் இடுப்பையும் பார்வையிடாமல் வீட்டை விட்டு வருதல் கூடாது. உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கிலுள்ள நல்ல முறை. இன்புளுயன்சா, நியூமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரைக் கேட்குமாறு தூண்டலாம்.

வாயைத் தூய்மையாக வைத்திருப்பதைச் சிலர் அற்பமாக எண்ணுவர். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுகள் நடத்திய சோதனையில், உணவுக்குப் பின் பல் துலக்கிவிடப்பெற்றோரில் 11 சதவீதத்தினர்க்கும், அவ்வாறு செய்யப்பெறாதோரில் 19 சதவீதத்தினர்க்கும் நியூமோனியா கண்டது. 2002-இல் வெளிவந்த முடிவு இது. இருமும் உணர்ச்சி குன்றியவர்க்கு வாயின் கிருமி உறக்கத்தில் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதே காரணம். பொய்ப் பற்களை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். பல்லே இல்லாதவர்க்கும் ஈறு, நாக்கு இவற்றைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஆசிரியர்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்க்கு இப்பாடத்தோடு ஒரு செய்முறையும் கொடுக்கலாம். வீட்டிலுள்ள தாத்தாவோ பாட்டியோ அமைதியாக அமர்ந்திருக்கும்போது, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, ஒரு வார காலம் குறித்து வரச் சொல்லுக. முதியோரில் மூச்சு நிமிடத்திற்கு 25-ஐத் தாண்டுவது நியூமோனியாவின் அடையாளங்களுள் ஒன்று. காய்ச்சல் காணாத இடத்தும் இது காணக்கூடும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது போதாது; சிறு பிழையும் இரு மடங்காகிவிடும். எண்ணுவதை முதியவர் அறியாதிருத்தல் நலம். அறிந்தால் மூச்சின் வேகம் தானே மாறிவிடும். நாடி பார்ப்பவர் போல மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு மார்பை நோக்குவது செவிலியர் கையாளும் முறை.